பாதாம் வாசனை அடித்த கிறிஸ்துமஸ்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் மற்றவர்களுக்குக் கேக் வேண்டும். எனக்கு ஒரு கொலை வேண்டும். பனி பெய்யும் குட்டி ஊர், சூடான டீ, துப்பறியும் கிழவி, அடக்கமாக ஒரு பிணம். கடைசிப் பக்கத்தில் பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்து நம்மை அழவைத்துவிடும். (ரத்தமும் தெறிக்காது, மனசும் நிறைந்துவிடும்.)

அந்த வருஷம் லீவில் திருத்தணி வீட்டுக்கு வந்தவன், அப்படியொரு நாவலோடு போர்வைக்குள் புகுந்தேன். அம்மா வந்து ஏதோ சொன்னாள். "ஆங்" என்றேன். கதையில் ஒரு பெரியவர் கேக் சாப்பிட்டுச் செத்துப்போயிருந்தார். துப்பு, கசப்புப் பாதாம் வாசனை; அதாவது சயனைடு.

விடிகாலையில் கதையை முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தால், எங்கள் சமையலறை முழுக்கப் பாதாம் வாசனை. முந்தின சாயங்காலம்தான் அம்மா எதிர்வரிசை ஐந்து வீட்டுக்கும் கேக் தட்டு கொடுத்திருந்தாள். ஐந்து வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்.

வெளியே ஓடினேன். மலையிலிருந்து இறங்கிய பனி தெருவை மூடியிருந்தது. மார்கழி மாதம், ஐந்து வாசலிலும் கோலம் இல்லை. பால் பாக்கெட்டுகள் வாசலிலேயே கிடந்தன. லோகம்மா அத்தை வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மேஜைமேல் காலித் தட்டு. பக்கத்தில் பூனை, அசையாமல் கிடந்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. அம்மாவை போலீஸ் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது தெருமுனையில், பனிக்குள்ளிருந்து மஞ்சள் மொட்டைத் தலைகள் வரிசையாக, சத்தமே இல்லாமல் என்னை நோக்கி வந்தன. (செத்தவர்கள் ஏன் மொட்டையடித்துக்கொள்ள வேண்டும் என்று யோசிக்க நேரமில்லை.)

"கேக்குல வெஷம்! எங்கம்மா வேணும்னு செய்யல!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மொட்டைகள் நின்றன. முதல் மொட்டை லோகம்மா அத்தை. "ராத்திரியே துன்னுட்டோம்பா. மலைல முடி எறக்கிட்டு வந்துகினு இருக்கறோம்" என்றாள் பொறுமையாக. அம்மா முந்தின நாள் வந்து சொன்னதும் அதைத்தானாம். வாசனை, புதிதாக வாங்கிய எசென்ஸ். பூனைக்குத் தூக்கம்.

அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். "என் கையால வெஷம் வெப்பேனாடா?" என்று மட்டும் கேட்டாள். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அடுத்த வருஷம் அவள் யாருக்கும் கேக் கொடுக்கவில்லை. லோகம்மா அத்தையே வந்து நின்றாள். "கேக்கு எங்கேக்கா? உன் புள்ளைய மொதல்ல துன்னச் சொல்லு. அப்பறம் நாங்க துன்றோம்."

அன்றிலிருந்து ஐந்து வீட்டுக்கும் நான்தான் தட்டு கொண்டுபோகிறேன். முதல் துண்டை நான் விழுங்க வேண்டும். குடும்பமே சுற்றி நின்று, சிரிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நிமிடம் என் முகத்தையே பார்க்கும். அதன் பிறகுதான் தட்டை வாங்குவார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்பதற்காகவே அம்மா ஐந்து வீட்டுக்கும் கூடவே வருகிறாள்.