மப்ளர் ஒற்றை ஊசி பிடித்த கதை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் தமிழர்களில், மப்ளர் என்று நாங்கள் கூப்பிடும் மனிதர் பின்னிக் கொடுத்த எதையாவது ஒரு தடவையேனும் போட்டுக்கொள்ளாதவர் ஒருவரும் இல்லை. போட்டேன் என்று ஒப்புக்கொண்டவரும் ஒருவரும் இல்லை.

மப்ளர் என்பது ஊர் வைத்த பெயர் என்றுதான் இத்தனை காலம் சொல்லி வந்தேன். ஊர் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

ஒரு ஜனவரி மாதம் மெல்லிய அரைக்கைச் சேட்டு ஒன்றுடன் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர் அவர். அகதி விடுதியில் யாரோ கொடுத்த ஸ்வெட்டர் அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. வேறு யாராவது என்றால் கையை மடித்துவிட்டுப் போட்டிருப்பார்கள். இவர், "இதை எப்பிடிச் செய்திருக்கினம்?" என்று பார்ப்பதற்காக அதை முழுவதுமாக அவிழ்த்தார். திரும்பப் பின்னி முடிக்க ஏழு மாதம் பிடித்தது. முடித்தபோது ஆகஸ்ட். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் வியர்க்க வியர்க்க நின்றார். அன்று பிடித்த பின்னல் பைத்தியம் இன்றுவரை விடவில்லை. உணவகச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை செய்தார். கையில் வெங்காயம் இல்லாத நேரமெல்லாம் இரண்டு ஊசி இருக்கும்.

யாரையாவது சந்தித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைப் பார்ப்பார். ஒருமுறை ஜூலை மாதக் கலியாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் மாலைக்கு மேலே சிவப்புக் கம்பளி மப்ளர் ஒன்றைச் சுற்றிவிட்டார். சுற்றியதோடு நிற்காமல், படம் எடுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டார். இன்றும் அந்தக் கலியாண அல்பத்தில் மாப்பிள்ளை கண்கலங்கி நிற்பதாக உறவினர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். அது கண்ணீர் அல்ல.

தைப்பூசத்தன்று ஐயர் வெறும் மேலுடன் சாமி வீதிவலம் கொண்டு போனதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அடுத்த வருஷத்துக்கு ஐயரின் தோல் நிறத்திலேயே ஒரு கையில்லாத பெனியன் பின்னினார். பக்கத்தில் வந்து பார்த்தாலும் பெனியன் என்று தெரியாது. தோளில் குறுக்கே பூணூல்கூட வெள்ளை நூலால் அதிலேயே பின்னப்பட்டிருந்தது.

"ஐயா, ஒருத்தருக்கும் தெரியாது. போட்டுப் பாருங்கோ."

"சாமிக்குத் தெரியுமே, தம்பி."

"சாமிக்கும் ஒண்டு பின்னட்டோ?"

இப்படிப்பட்டவரைக் கண்டால் என் போன்றவனால் சும்மா இருக்க முடியுமா? நான் ஊரில் கணக்கு மாஸ்டராக இருந்தவன். இங்கே எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாக்களில் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆண்டுவிழாவில், மேடையில் இரண்டு அகப்பைகளை எடுத்துப் பின்னுவதுபோல நடித்து, மண்டபத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"எங்கடை மப்ளர் ஏன் கலியாணம் கட்டேல்லை தெரியுமோ? பொம்பிளை பாக்கப் போனவர், கழுத்து அளவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திட்டார்!"

மண்டபம் குலுங்கியது. அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். பிரதம விருந்தினருக்குக் கொண்டுவந்த பொதியை மடியிலிருந்து எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் கட்டவிருந்த பெண் போரில் இறந்துபோனாள். அந்த மண்டபத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒருநாள் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நல்ல சிரிப்பு வரும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிய கையோடு குழந்தை பிறந்துவிட்டது. பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவளுடைய கை என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அந்தக் கையால் மூக்கிலிருந்த பால் குழாயை இழுத்து இழுத்து எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்ப உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

தாதி ஒருவர் ஒரு வழி சொன்னார். நூலால் பின்னிய சின்ன ஒக்டோபஸ் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் இப்படிப்பட்ட குழந்தைகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு குழாயை விட்டுவிடுவார்களாம். வயிற்றுக்குள் கொப்பூழ்க்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்த பழக்கமாம். தொண்டர்கள் பின்னித் தருவதுண்டு, இப்போது கைவசம் ஒன்றும் இல்லை, நீங்களே செய்யலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். பருத்தி நூல். அறுபது பாகை வெந்நீரில் தோய்க்கக்கூடியது. கண்ணிகளுக்குள் குழந்தையின் விரல் நுழையக்கூடாது. ஆகவே இரண்டு ஊசிப் பின்னல் வேண்டாம், கொக்கி ஊசியால் போடும் குறோஷேதான் வேண்டும்.

என் மனைவி சரோ கன்னியர்மடப் பள்ளியில் குறோஷே படித்தவள். ஆனால் இப்போது அவளுடைய பெருவிரல்கள் இரண்டும் மூட்டு வாதத்தால் மடங்குவதில்லை. வாயால் சொல்வாள், கையால் ஏலாது.

"மப்ளருக்கு அடிக்கப்போறன்," என்று ரெலிபோனை எடுத்தாள்.

"அவர் வரமாட்டார்."

"உங்களுக்கு வரமாட்டார். எனக்கு வருவார்."

இரண்டு பஸ் மாறி நாற்பது நிமிடத்தில் வந்து நின்றார். சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டார்:

"அக்கா, பிள்ளைக்குக் கழுத்து என்ன அளவு?"

"கழுத்துக்கு இல்லைத் தம்பி. எட்டுக்கால் கணவாய் ஒண்டு வேணும்."

"கணவாயோ? கறிக்கோ?" என்று சிரித்தார்.

சரோ விளக்கமாகச் சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தாளை இரண்டு தடவை வாசித்தார். பருத்தி நூலை விரலால் உருட்டிப் பார்த்தபோது மட்டும் முகம் சுளித்தது. "பருத்தி, இடுப்பில கட்டுற சாரத்துக்குச் சரி. பின்னலுக்கு உயிர் இல்லாத நூல்." பிறகு கொக்கி ஊசியை வலது கையில் எடுத்துக்கொண்டு, இடது கையால் மேசையெல்லாம் தடவினார்.

"மற்ற ஊசி எங்கை, அக்கா?"

"மற்றது இல்லை. ஒண்டுதான்."

"ஒண்டோ? ஒற்றைக் காலில எப்பிடி அக்கா நடக்கிறது?"

அன்று தொடங்கிய கூத்து மூன்று நாள் நடந்தது. இரண்டு ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் எப்போதும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழேவரை கழன்றுபோகும். முப்பது வருஷமாக அந்தப் பயத்திலேயே வாழ்ந்த மனிதர் அவர். குறோஷேயில் ஒரு கண்ணியை முடித்ததும் அதை ஊசியிலிருந்து விட்டுவிட வேண்டும். இவர் விடவில்லை. ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து ஊசியிலேயே சேர்த்துக்கொண்டார். கொக்கி ஊசி நெருக்கடி நேரத்து பஸ்போல நிரம்பியது.

"தம்பி, முடிஞ்ச கண்ணியை விடவேணும். ஊசியில ஒண்டு மட்டும்தான் நிக்கவேணும்."

"விட்டால் கழண்டுபோம், அக்கா."

"கழண்டுபோகாது. அது முடிஞ்சுது."

"நீங்கள் சொல்லுறியள். அதுக்குத் தெரியுமோ?"

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார். விடுவார், ஆனால் விட்ட ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஊக்குக் குத்துவார். முதலாவது ஒக்டோபஸின் தலை முள்ளம்பன்றிபோல மேசையில் இருந்தது. வீட்டிலிருந்த ஊக்கெல்லாம் முடிந்து, சரோ சேலைக்குக் குத்தியிருந்ததையும் கேட்டார்.

இத்தனைக்கும் நான் அதே அறையில்தான் இருந்தேன். எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் அவர் சரோ வழியாகவே அனுப்பினார். நான் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தேன்.

"அக்கா, மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, காலை எடுக்கச் சொல்லி. நூல் சிக்குது."

"காலை எடுங்கோ," என்பாள் சரோ.

நான் காலை எடுப்பேன்.

இரண்டாவது தலை சங்குபோலக் கூராக வந்தது. தாளைப் பார்த்தேன். முதற் சுற்று ஆறு கண்ணி, பிறகு பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு. சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவர் எண்ணிக்கையைத் தவறவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கணக்கு. ஒருவரும் கேட்காமலே, ஊசி அசைவதைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்து எண்ணத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, வாய்விட்டுப் பிலத்து எண்ணச் சொல்லி," என்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மகளின் அழைப்பு வந்தது. சரோ ரெலிபோனோடு குசினி அடுப்படிக்குப் போனாள். குழந்தை திரும்பவும் குழாயை இழுத்துவிட்டாள், இந்த முறை இரத்தம் கசிந்தது. சரோவின் குரல் உடைவது இங்கே கேட்டது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அறையில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை.

ஊசி நின்றது.

"எத்தினை, மாஸ்டர்?"

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. "பதினெட்டு," என்றேன்.

"நிப்பாட்டாதேங்கோ. எண்ணுங்கோ."

அதற்குப் பிறகு அவர் ஒரு ஊக்குக்கூடக் குத்தவில்லை. கண்ணியை முடித்தார், விட்டார். அடுத்ததை முடித்தார், விட்டார். தலையையும் எட்டுக் கால்களையும் ஒரே இருப்பில் பின்னி முடித்து, கறுப்பு நூலால் இரண்டு கண் தைத்து, அறுபது பாகை வெந்நீரில் போட்டுவிட்டு, சலவை இயந்திரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் வைத்தியசாலைக்கு நானும் அவரும் போனோம். அந்தப் பகுதிக்குள் பெற்றோரும் தாத்தா பாட்டியும் மட்டுமே போகலாம். குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று தாதி அவரைக் கேட்டார். "பின்னினது நான்," என்று ஜெர்மனில் சொன்னார். தாதி சிரித்தார், ஆனால் விடவில்லை. அவர் நடைபாதை வாங்கிலில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மகள் ஒக்டோபஸைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சின்னக் கை குழாயைத் தேடிக் காற்றில் அலைந்து, ஒக்டோபஸின் ஒரு காலில் முட்டி, அதைப் பிடித்து மூடிக்கொண்டது. மகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று தடவை பார்த்தார்.

"மூண்டாவது காலில ஒரு கண்ணி பிழைச்சிருக்கு, மாஸ்டர். எடுத்துக்கொண்டு வாங்கோ, திருத்தித் தாறன்."

"எடுக்க ஏலாது. அவள் விடமாட்டாள்."

"விடமாட்டாளோ?" என்று இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் அவருக்கு முன்னால் நின்று சொன்னேன். "அண்டைக்கு மேடையில நான் சொன்னது பெரிய பிழை. தெரிஞ்சுகொண்டு சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவவின்ரை பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு," என்று பெயரைச் சொன்னேன்.

தலையை மட்டும் ஆட்டினார். "சரி. வாங்கோ, டிராம் போயிடும்."

டிராமில் ஆசனங்கள் நிறையக் காலியாக இருந்தன. அவர் என் பக்கத்தில் வந்து இருந்து, பையிலிருந்து தன் இரண்டு ஊசிகளையும் எடுத்து, நூலுண்டையை என் மடியில் வைத்தார். இறங்கும்வரை நான் அதைக் கீழே விழவிடவில்லை.