பட்ஜெட் விளக்குநரும் புதன்கிழமை முட்டையும்

நவம்பரில் அடைமழை பிடித்ததும் ஈசலுக்கு அடுத்தபடியாகக் கிளம்பும் உயிரினம் ஒன்று நம் கரையோரத்தில் உண்டு. ஈசல் ஒரே இரவில் செத்துவிடும். இது சாகாது. பெயர், பட்ஜெட் விளக்குநர். பாராளுமன்றத்தில் அமைச்சர் வாசித்து முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள், கல்முனை பஸ் நிலையம் தொடக்கம் சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடை வரை, கையில் மடித்த பத்திரிகையோடும் சட்டைப் பையில் இரண்டு பேனைகளோடும் இது வந்து உட்கார்ந்துவிடும். பிறகு பக்கத்தில் இருப்பவர் எழும்ப ஏலாது.

நம்முடைய நளீரை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர். மீன் விலையைக் கேட்டாலும் "மொத்தத் தேசிய உற்பத்தியில பார்த்தா" என்றுதான் தொடங்குவார். வீட்டில் சீனி முடிந்தால் மனைவி அவரிடம் சொல்வதில்லை. அதைக் கேட்டு முடிக்க யாருக்குத் தெம்பிருக்கிறது?

அந்தப் பாடசாலையில் வசதியில்லாத பிள்ளைகள் நாற்பது பேருக்கு அரசாங்கச் சாப்பாடு சமைப்பவர் நதீரா. புதன்கிழமை முட்டை நாள். விலை ஏறிய நாளிலிருந்து, அவித்த முட்டையை நூலால் அறுத்து ஆளுக்குப் பாதி வைத்துவந்தார். மூன்றாம் வகுப்பு ஜெனூபா அந்தப் பாதியைச் சோற்றுக்குள் ஒளித்து வைத்துக் கடைசியில் தின்பாள். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை அது.

"நளீர் காக்கா, இந்தப் பட்ஜெட்டில எங்கட புள்ளயளுக்கு என்னயும் இரிக்கா?" என்று நதீரா பாடசாலை வாசலில் கேட்டதுதான் தாமதம், நளீருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துபோனது. பற்றாக்குறை, பணவீக்கம், வெளிநாட்டுக் கடன் என்று முக்கால் மணித்தியாலம் விளக்கினார். நதீராவின் நனைந்த குடை காய்ந்துவிட்டது.

"சாப்பாட்டுக் காசக் கூட்டித்தான் இரிக்காங்க. இனி யோசிக்காம முழு முட்டையே வைங்க புள்ள" என்று முடித்தார்.

நதீரா நம்பினார். வரும் புதன் ஆளுக்கொரு முழு முட்டை என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார்.

நளீர் சும்மா இருப்பாரா? அதே புதன் காலை பாடசாலை மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார். பதாகையில் 'பசித்த பிள்ளைக்கே முதலிடம்'. எட்டு அதிதிகள், கடிக்க எட்டு ரோல்ஸ். ஆனால் நம் ஊர் மேடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மண்டபத்துக்குள் தலையை நீட்டியவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்காவிட்டால் மூன்று வருடம் முகம் பார்க்க மாட்டார். எனவே முன்னாள் தலைவரை அழைத்தார்கள், அவருடைய மச்சானை அழைத்தார்கள், ஒலிபெருக்கி கட்ட வந்தவரையும் மழைக்கு ஒதுங்கியவரையும்கூட அழைத்தார்கள். மேடையில் பத்தொன்பது பேர். கீழே ஆறு பேர்.

எட்டு ரோல்ஸைப் பத்தொன்பது பேருக்குக் கொடுத்தால் கலவரம் வரும். சங்கப் பொருளாளர் அஷ்ரப் சமையலறைக்கு ஓடினார்.

"அது புள்ளயளுட முட்ட" என்றார் நதீரா.

"வாற கிழம பாத்துக்கலாம். இதும் புள்ளயளுக்கான கூட்டந்தானே" என்று பத்தொன்பது முட்டைகளை அள்ளிக்கொண்டு போனார் அஷ்ரப்.

நளீர் அப்போது ஒலிவாங்கியைப் பிடித்தபடி குழந்தைப் போசாக்கு பற்றிய பேச்சில் இருந்தார். தட்டு வந்தது, எடுத்தார், கடித்தார். எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பேச்சு தடைப்பட்டிருக்கும்.

மேடையடியில் ஜெனூபா தட்டோடு வந்து நின்றாள்.

"நளீர் மாமா, எங்கட முழு முட்ட எங்க?"

விளக்கம் கேட்டால் விளக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. "மகள், ஒதுக்கிறது வேற, வந்து சேர்றது வேற. இடையில..."

"இடையில ஆரு திண்ட?"

"அதத்தான் மகள் விளக்கிட்டு இரிக்கன்."

ஜெனூபா அவருடைய வாயைப் பார்த்தாள். "நீங்களா?"

ஒலிபெருக்கி அதைச் சந்தை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மேடையில் பத்தொன்பது தாடைகளும் நின்றன. நளீர் வாயிலிருந்ததை விழுங்கினார். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது, மஃரிபுத் தொழுகை வரை.

நதீரா மறுபடியும் நூலை எடுத்தார். நாற்பதில் மிஞ்சியது இருபத்தொரு முட்டை, அறுத்தால் நாற்பத்திரண்டு பாதி. ஜெனூபா வழக்கம்போலத் தன் பாதியைச் சோற்றுக்குள் ஒளித்தாள். இந்த முறை மேடையைப் பார்த்துக்கொண்டே ஒளித்தாள்.

மஃரிபு முடிந்து தேத்தண்ணிக் கடையில் நளீர் வாய் திறந்தார். "நாடு முழுக்கப் பற்றாக்குறை. எங்கட பள்ளிக்கூடத்தில மட்டுந்தான் ரெண்டு பாதி மிச்சம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கான கூட்டம் ஒன்றில் போன வருடம் நீங்களும் மேடையில் இருந்தீர்கள் அல்லவா? தட்டில் என்ன வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போகட்டும், உங்கள் சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள்.