பம்பு முதலாளி கடல் தாண்டிய காரணம்

வெளிநாட்டில் தொழிற்சாலை வாங்கும் முதலாளிகள் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பார்த்திருப்பீர்கள். காலை வணக்கம் சொன்னால், கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அங்க இன்னும் விடியல" என்பார்கள்.

நம் பம்பு முதலாளி இந்த இனத்தில் முதல்தரம். சொந்த நாட்டில் பாதி வீடுகளின் மாடிக்குத் தண்ணீர் ஏற்றிய மனிதர், திடீரென்று ஒரு பணக்கார நாட்டில், மூடப்போகிற சின்னப் பம்புத் தொழிற்சாலை ஒன்றை வாங்கிவிட்டார். ஏன்? ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். வங்கி மேலாளரிடம், "புதுச் சந்தை சார்." தொழிலாளர்களிடம், "நம்ம பேரு உலகம் பூரா பரவணும்ப்பா." கூட்டாளியான மைத்துனரிடம், "இங்க நாளுக்கொரு சட்டம் மாப்பிள்ளை, ஒரு கால் அங்கயும் இருக்கட்டும்."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்றார் மனைவி. "உங்க சகலை போன வருஷம் அங்க கிடங்கு திறந்தாரே, அந்தப் பொறாமைதானே?"

முதலாளி தலையில் இருந்த கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

அதுவும் காரணமில்லை. உண்மைக் காரணம், முதலாளியின் பம்பு ஒழுகியது! அடுக்குமாடி கட்டுகிறவர் நாற்பது பம்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்று வருடம் முட்டி மோதியும் எதனால் என்று பிடிபடவில்லை. முப்பது வருடம் பம்பு செய்தவர், 'எனக்குத் தெரியவில்லை' என்று யாரிடம் வாய்திறப்பார்? ஒழுகாத பம்பு செய்கிற தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிவிட்டார்.

முதலாளி அங்கே போய் இறங்கியபோது, பன்னிரண்டு தொழிலாளர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். நரைத்த தலைமை ஃபிட்டரம்மா கைகட்டிக்கொண்டு கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "மெஷினையெல்லாம் கழட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?"

முதலாளி தயாரித்து வந்த சொற்பொழிவை மறந்தார். பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த தன் பம்பை மேசைமேல் வைத்தார்.

"இது ஏன் ஒழுகுதுன்னு சொல்லுங்கம்மா."

ஃபிட்டரம்மா பிரித்தார், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார், சிரித்தார். "வளையம் நல்லாத்தான் இருக்கு. அது உட்கார்ற பள்ளம்தான் கோணல். நாங்களும் இதே மாதிரி பத்து வருஷம் ஒழுகினோம்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. அவர் மாதிரி மலிவாகப் பம்பு வார்ப்பது எப்படியென்று அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியவரை விமான நிலையத்தில் மனைவி கேட்டார்: "சந்தை கிடைச்சுதா?"

"ஒழுகல் நின்னுடுச்சு."

"அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்பேனே!"

இன்றும் மேடையேறினால் முதலாளி 'உலகச் சந்தை' பற்றித்தான் முழங்குகிறார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் நீங்கள் அடுத்த தெருவரை நடந்தது உடம்புக்காகத்தானா, இல்லை, அந்தப் புது வீட்டுக்காரர் மாடிப்படியை எப்படி அவ்வளவு அழகாக வளைத்தார் என்று பார்க்கத்தானா?