பித்தளை தெரியும் வரை

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை பாத்திரம் தேய்ப்பது. இதைத் தன்னடக்கமாகச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பெருமையாகத்தான் சொல்கிறேன். சேலத்தில் என் அம்மா வீட்டில் நான் தேய்த்து வைத்த சொம்பில் முகம் பார்த்துத்தான் அண்ணன் மீசை திருத்துவான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, இந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறவன் கொடுத்து வைத்தவன் என்பார்கள். (கட்டிக்கொண்டவரை யாரும் கேட்கவில்லை.) என் சமையலைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு நான் சமைத்ததும் இல்லை.

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு மேலே நாகலூருக்கு வந்தேன். கணவர் அந்தோணி, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வீட்டில் எங்களைத் தவிர அவருடைய அம்மா மட்டும்தான். அத்தை திட்ட மாட்டார். அதுதான் கஷ்டமே. திட்டினால் பதிலுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அழலாம், அம்மாவுக்குப் போன் போடலாம். வந்த முதல் மாதம் நான் ராகிக் களி கிண்டினேன். உருட்டித் தட்டில் வைத்தபோது 'டங்' என்று சத்தம் கேட்டது. அத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு, "உனக்கு நொம்ப வேல கண்ணு. நாளையில இருந்து அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை ஓர் இடத்திலிருந்து வெளியேற்றியதில்லை. அன்றிலிருந்து என் ராஜ்ஜியம் கொல்லைக் குழாயடி. சாம்பல், புளி, தேங்காய் நார். கரியேறிய பானைகளை எல்லாம் ஒவ்வொன்றாக வெளுத்துக் கொண்டுவந்தேன். கொல்லை மதில் மேல் கவிழ்த்தால் எதிர்ச் சரிவில் காப்பிப் பழம் எடுக்கிறவர்களுக்குக் கண் கூசும் என்று என் கணவர் சொன்னார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. எங்கள் வரிசையில் பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் சேர்த்து அச்சு முறுக்கு சுட ஒரே ஓர் அச்சு. கோயிலுக்கு மேல்புறம் இருக்கும் ஸ்டெல்லாக்காவின் அம்மா கொண்டு வந்தது அது. நீளக் கம்பி, நுனியில் ஒரு பூ. கன்னங்கரேலென்று இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அது வீடு வீடாகப் போகும். யாருக்கு என்றைக்கு என்று (கடைசி நாட்களில் நாளுக்கு இரண்டு வீடு) கோயில் உபதேசியார் ஒரு சீட்டில் எழுதி அந்தக் கம்பியிலேயே கட்டிவிடுவார். அந்த வருடம் முதலில் ஸ்டெல்லாக்கா, அடுத்து நாங்கள், மூன்றாவது லூர்தக்கா. சேலத்தில் கடைக்குக் கடை அச்சு தொங்குகிறதே, ஆளுக்கொன்று வாங்கினால் என்ன என்று அத்தையிடம் கேட்டேன். புது அச்சு சரிப்பட்டு வராது, பழகின அச்சுதான் வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் முறை புதன்கிழமை. கிறிஸ்துமஸ் அடுத்த புதன். அத்தை அடுப்பின் முன் உட்கார்ந்து அச்சை எண்ணெயில் காய வைப்பார், மாவில் முக்கால்வாசி தோய்ப்பார், மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக ஓர் ஆட்டு ஆட்டுவார். பூ தானாகக் கழன்று மிதக்கும். கழற்றிவிட்ட மாதிரியே இருக்காது, அதுவே போக மனசு வைத்துப் போன மாதிரி இருக்கும். நான் எடுத்து எடுத்து டின்னில் அடுக்கினேன். மத்தியானம் எல்லாம் முடிந்ததும் அத்தை கோயிலில் குடில் கட்டக் கிளம்பினார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அந்த அச்ச ஒரு துணியில தொடச்சு வெச்சுரு கண்ணு. காலையில லூர்து ஊட்டுக்குப் போவோணும்."

துடைத்து வை என்றுதான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் சங்கீதம் தெரிந்தவளிடம் போய் நாலு வரி முணுமுணுத்துவிட்டுப் போ என்றால் மனசு கேட்குமா? பதினோரு வீட்டுக்குப் போகிற சாமான். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது அது எப்படிப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

முதலில் சாம்பல். அசையவில்லை. பிறகு புளி, பிறகு செங்கல் தூள், பிறகு கம்பி நார். ஒரு மணி நேரம் கழித்து ஓர் இதழின் ஓரத்தில் கறுப்பு பொரிந்து பொரிந்து உதிர ஆரம்பித்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ மின்னியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எல்லாரும் இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்த அச்சு, பித்தளை. இந்தச் செய்தி அதன் சொந்தக்காரிக்கே தெரியாது. இதழ் இடுக்குகளில் ஊக்கு விட்டுக் குடைந்தேன். பழைய டூத் பிரஷ் போட்டுக் கம்பியைத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனபோது அது கோயில் குத்துவிளக்குக்குத் தங்கை மாதிரி இருந்தது. (என் விரல் நுனிகள் எல்லாம் வெடித்துவிட்டன. யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.)

அத்தையிடம் காட்டவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வருகிற பாராட்டு கணக்கில் சேராது. லூர்தக்கா பார்த்து வியந்து, ஊரெல்லாம் சொல்லி, அது சுற்றிக்கொண்டு அத்தை காதுக்கு வரவேண்டும் என்பது திட்டம். பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றி, சணல் கட்டி, சீட்டை மேலே செருகி வைத்தேன். வியாழன் காலையில் கணவர் அதை பைக்கில் எடுத்துப் போய் லூர்தக்கா வீட்டில் கொடுத்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போனார்.

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். பத்து மணிக்கு அத்தை போனில் லூர்தக்காவின் குரல் வந்தது. மாவு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது, ஈர்க்குச்சி போட்டு நெம்பினால் துண்டு துண்டாக வருகிறது, என்ன செய்வது என்று கேட்டார். அச்சின் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; ஸ்டெல்லாக்கா இந்த வருடம் புதிது வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாராம். அத்தை தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொன்னார். மத்தியானம் இன்னொரு முட்டை உடைத்து ஊற்றச் சொன்னார். சாயங்காலம் லூர்தக்கா தன் கோழியைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை அச்சு அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கேயும் தூள்தான் வந்தது. சனிக்கிழமை அதை ஸ்டெல்லாக்காவிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஸ்டெல்லாக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாராம். இது என்னுடையது இல்லை.

பழகின அச்சு, பழகின அச்சு என்று இவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அம்மாவும் மகளுமாக வருடா வருடம் எண்ணெயில் காய்ச்சி ஏற்றிய வழவழப்பு அது. அதை நான் சாக்கடையில் கழுவி ஊற்றியிருந்தேன்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் அத்தையிடம் போனேன். அதற்குள் அத்தை போனில் ஸ்டெல்லாக்காவிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

"என்ற ஊட்டுல இருந்து கறுப்பு அச்சுதானுங்க போச்சு. என்ற கையால சுட்டனே, எனக்குத் தெரியாதுங்களா?"

திரும்பி வந்துவிட்டேன். களிக்குப் பிறகு நான் கட்டி வைத்திருந்த பேர் எல்லாம் அந்தக் குழாயடியில்தான் இருந்தது. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார்?

இப்போது வழக்கு இப்படி நின்றது. எங்கள் வீட்டிலிருந்து கறுப்பு அச்சு போயிருக்கிறது. லூர்தக்கா வீட்டுக்கு மஞ்சள் அச்சு வந்திருக்கிறது. நடுவே அதைக் கொண்டு போனது என் கணவர். எஸ்டேட்டில் அத்தனை பேருக்கு ஆஜர் போடுகிற மனிதர், முறுக்கு அச்சை மாற்றியவர் என்ற சந்தேகத்துக்கு ஆளானார். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நிறுத்தி விசாரித்தார்களாம். சுற்றிக் கொடுத்ததைக் கொண்டு போய்க் கொடுத்தேன், பேப்பரைப் பிரிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை சோறு போடும்போது என் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரசம் ஊற்றச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு குறுகிப்போயிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசித்தபோது உபதேசியார் கடைசியில் ஒன்று சேர்த்தார். காணாமற்போன பொருள் உரியவர் கைக்குத் திரும்பவும், எடுத்தவர் மனந்திரும்பவும் வேண்டும் என்று ஆண்டவரை மன்றாடச் சொன்னார். ஏற்காட்டிலிருந்து பூசைக்கு வந்திருந்த சாமியார் ஒன்றும் புரியாமல் பார்த்தார். கோயில் முழுக்க எழுந்து நின்று, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

பூசை முடிந்து பெண்கள் கோயில் முற்றத்தில் கூடினோம். மஞ்சள் அச்சு மதில் மேல் கிடந்தது. ஸ்டெல்லாக்கா அதைத் தொடவே இல்லை. அம்மா கை பட்ட சாமான் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி யாருக்கும் எதுவும் கொடுக்க மாட்டேன் என்றார். லூர்தக்கா என் கணவர் நின்றிருந்த பக்கம் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, அது உங்குளுதுதானுங்க" என்றேன். "தொடச்சு வெக்கச் சொன்னாங்க. நான் தேச்சுட்டேனுங்க."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. யாரும் நம்பவில்லை. லூர்தக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். புருசன் மேல் பழி வரக்கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே, எவ்வளவு தங்கமான பிள்ளை என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். வியாழக்கிழமையிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த பாராட்டு அப்போதுதான் வந்தது. இல்லைங்க, நிஜமாகவே நான்தான் என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச நான் இன்னும் தங்கமானேன்.

கடைசியில் ஸ்டெல்லாக்காதான் அச்சைக் கையில் எடுத்தார். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இதழ் மட்டும் லேசாக உள்பக்கம் மடங்கியிருந்தது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கீழே போட்டு மடங்கிய இதழ். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"எத்தன நேரம் தேச்ச சாமி?"

"ரெண்டு மணி நேரமுங்க."

"எங்கம்மா ஆயுசு பூரா பழக்குனத ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டியா" என்றார். பிறகு அச்சைத் தூக்கி வெயிலில் பிடித்து, "நல்ல வேலக்காரிதான்" என்றார். முதலில் சிரித்தது என் கணவர். அதற்கப்புறம் முற்றமே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தார். உள்ளே போனார், அடுப்பை மூட்டினார், இருப்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றினார், அச்சை அதில் போட்டார். எனக்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. அத்தை தன் மணையை எடுத்து அடுப்பின் முன் போட்டார்.

"உக்காரு கண்ணு. நீதான் பழக்கோணும்."

களிக்குப் பிறகு அந்த அடுப்பின் முன் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு 'உக்காரு'வுக்காகவே இன்றைக்கும் அத்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எண்ணெயில் ஊறப்போடு, காய்ச்சு, ஆறவிடு, மாவில் தோய்த்துப் பார். ஒட்டும். சுரண்டாதே, துடை. மறுபடி காய்ச்சு. ஞாயிறு முழுக்க வந்தது தூள். திங்கள் முழுக்க வந்ததும் தூள்தான், கொஞ்சம் பெரிய தூள். முதல் நாள் கோழிகள் ஓடி ஓடித் தின்றன. இரண்டாம் நாள் என்னைக் கண்டாலே காப்பிச் செடிக்குள் போய்விட்டன. கணவரின் டிபன் பாக்ஸில் காலையும் மாலையும் தூள். எஸ்டேட்டில் அவர் அதைப் புது வகை மிக்சர் என்று சொல்லிக் கொடுத்ததாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வழக்கம்போல ஈர்க்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு லேசாக ஓர் ஆட்டு ஆட்டினேன். பூ கழன்றது. முழுசாக, ஓர் இதழ்கூட உடையாமல், எண்ணெயில் போய் மிதந்தது. நான் குச்சியைப் பிடித்தபடியே அத்தையைப் பார்த்தேன். அத்தை "ம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். விறகு காய்ந்த விறகு, புகையே இல்லை.

பொழுது சாய்வதற்குள் மிச்சமிருந்த வீடுகளுக்கு எல்லாம் நானே சுட்டு முடித்தேன். வீட்டுக்கு ஒரு தட்டு. அந்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வரிசைக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஆளுக்கு ஒரு பூதான். இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் யாரையும் உபசரிக்கவில்லை.

அச்சு இப்போது மறுபடியும் கறுத்துவிட்டது. இதழ் நுனிகளில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது. உபதேசியாரின் சீட்டில் எங்கள் வீடு கடைசிக்குப் போய்விட்டது. சீட்டின் அடியில் 'துடைக்கவும், தேய்க்க வேண்டாம்' என்று ஒரு வரி எழுதுகிறார். பேர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஊரில் யாராவது எதையாவது அளவுக்கு மீறிச் செய்தால், சாமியார் பிரசங்கத்தை நீட்டினால்கூட, "பித்தள தெரியற வரைக்கும் உடமாட்டாங்களாட்ட" என்கிறார்கள்.

என் மகள் பிறந்து நான் முதன்முதலாக அவளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தபோது ஸ்டெல்லாக்கா பார்க்க வந்திருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாத்து சாமி, துணியில தொடச்சா போதும்" என்றார். அத்தை அன்றைக்குத்தான் சிரித்தார். அவர் சிரிக்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. அந்த அச்சை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளப்ப அவள் முழங்காலில் இருக்கும் செம்மண்ணை நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரைக்குள்ளிருந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்கிறாள்:

"போதும்மா, பித்தள வந்துருச்சு."