என் மனைவி ஓட்டும் குப்பை லாரி

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உங்கள் தங்கை இந்த வயதில் குப்பை லாரி ஓட்டுகிறாள், மானம் போகிறது, நீங்கள் நேரில் வந்து நாலு வார்த்தை சொல்லி வேலையை விடவைக்க வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். அதற்குள் நடந்ததைக் கேளுங்கள்.

எதிர்வீட்டு வக்கீலிடம் அவள் ‘சுற்றுச்சூழல் நிர்வாகத்தில்’ இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். வியாழக்கிழமை பார்த்து அவளுக்கு எங்கள் தெருவையே கொடுத்துவிட்டார்கள். வக்கீல் கண்ணில் படுவதற்குள் சமாதானம் பேசி இறக்கிவிடலாம் என்று தெருமுனைக்குப் போனேன். போகிறவர் வருகிறவர் “என்ன ஆடிட்டர் சார், இங்க?” என்று கேட்டுத் தொலைப்பார்களே என்று பெரிய தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். லாரி வந்தது. நான் எழுந்து கூப்பிடுவதற்குள் அதன் இரும்புக் கை தொட்டியைக் கவ்வித் தூக்கிவிட்டது. மறைவிடம் ஆகாயத்துக்குப் போய்விட, நான் மட்டும் நடுத்தெருவில் குந்தியபடி இருந்தேன். எழப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது.

லாரியின் பின்னால் நின்றிருந்த தொழிலாளி, “அக்கா, இங்க ஒரு ஆளு இருக்காரு” என்று குரல் கொடுத்தார்.

கண்ணாடியில் பார்த்த உங்கள் தங்கை, “அது என் வீட்டுக்காரர். தூக்கி முன்னால உட்கார வைங்க” என்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலை நேரமாம்.

அப்படித்தான் நான் ஏறினேன், மச்சான். எங்கள் தெருக்கோடிச் சந்து உங்களுக்குத் தெரியும். நம் சின்னக் காரைத் திருப்பவே நான் மூன்று பேரைத் துணைக்குக் கூப்பிடுவேன். அந்தச் சந்துக்குள் அவள் அந்த மலை போன்ற லாரியைப் பின்பக்கமாக விட்டாள். இருபுறமும் கார்கள். ஒரு புதுக் காரின் சொந்தக்காரர் தலையில் கை வைத்து நின்றார். பின்னால் அந்தத் தொழிலாளி தகரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு அது போதும். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும்? அதே முகம். லாரிக்கும் கார்களுக்கும் இடையில் ஒரு விரல் கனம்கூட இருக்காது. லாரி அசைந்து அசைந்து உள்ளே போயிற்று. கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து உட்கார்ந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு வக்கீல் வந்தார். பையைத் தொழிலாளியின் காலடியில் வீசிவிட்டு அண்ணாந்து பார்த்தவர், “ஆடிட்டர் சார், நீங்களா? இதுல என்ன பண்றீங்க?” என்றார்.

என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்த பொய்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. “ஓட்டுறது என் மனைவி சார். கொஞ்சம் வழி விடுங்க. பையை எடுத்து அவர் கையில குடுங்க” என்றேன்.

அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். தொழிலாளி, “நன்றி சார்” என்றார். உங்கள் தங்கை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கியர் மாற்றினாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அவளே என் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆகவே, நன்கு ஆலோசித்து, அவள் இந்த வேலையில் தொடர நான் அனுமதி அளித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்களும் வந்து ஆசீர்வதிக்க வேண்டும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதை அவளிடம் படித்துக் காட்டினேன். “அனுமதியா? யார் கேட்டா?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை இருக்கிறதாம். அண்ணன் வந்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்கிறாள். முன்னால் அவளைத் தவிர இன்னும் ஒருவருக்குத்தான் இடம், அது என் இடம். எனவே தாங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம், முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.