பிளக் அண்ணன் திறந்துவிட்ட கணினி

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஏழே முக்காலுக்கு அலுவலகம் வந்தேன். மேசையைத் துடைத்தேன், நேற்றைய டெலிவரி ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன், பால் ஊற்றாத தே ஓ வாங்கி வந்தேன். அன்று பிளக் அண்ணனுக்குக் கடைசி நாள்.

தெப்ராவ் வட்டாரத்திலேயே அவரைப் போல மனிதர்களைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. எங்கள் லாரி கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். பத்து பாகாட் ஊர்க் கிளையிலிருந்து யாராவது, "அண்ணே, இங்கேருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போக முடியல" என்று போன் செய்தால் முதல் கேள்வி இதுதான்:

"மோடம் பிளக் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு லா."

"குனிஞ்சு பாத்தியா, உக்காந்துகிட்டே சொல்றியா?"

மறுமுனையில் நாற்காலி நகரும். பிறகு, "அலமாக்... கழண்டு கெடக்குண்ணே."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்." போனை வைத்துவிடுவார்.

எங்கள் மேனேஜர் கல்யாணத்தில் மைக் படுத்துவிட்டது. தாலி கட்டும் நேரம் என்றும் பாராமல் பிளக் அண்ணன் மணமேடைக்கு அடியில் புகுந்தார். மைக் உயிர் பெற்றது. அதில் முதலில் ஒலித்தது மந்திரம் அல்ல: "எந்த மடையன்டா இதப் புடுங்கினான்?" பிடுங்கியவர் மேனேஜரின் அப்பா. மேனேஜர் அதை மறக்கவேயில்லை.

இந்த வருடம் கணினி வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்த ஆட்கள் இங்கே வரமாட்டார்கள். கோலாலம்பூரில் இருந்தபடியே நம் கணினிக்குள் நுழைந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். அதற்காக மேனேஜர் ஒரு புதுக் கணினி வாங்கி வைத்தார். அன்று காலையிலிருந்து முயன்றும் அவர்களால் அதற்குள் நுழைய முடியவில்லை.

"போற கோவத்துல நீங்கதான் அடைச்சு வச்சிட்டீங்களாண்ணே? மூணு மணிக்குள்ள சரியாகலன்னா ரிப்போர்ட்ல உங்க பேரத்தான் எழுதுவேன்" என்றார் மேனேஜர், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி. ஐம்பது வயதுக்கு மேல் புது வேலை தேடுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிறுத்தாது.

பிளக் அண்ணன் புதுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒயரைப் பார்த்தார், ஃபயர்வாலைப் பார்த்தார், பாஸ்வேர்டைப் பார்த்தார். கடைசியில் விண்டோஸ் எந்த ரகம் என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது வீட்டு ரகம். இதுலேருந்து வெளிய போகலாம். வெளியேருந்து யாரையும் உள்ள விடாது. மலிவா வாங்குனது யாரு?"

நாங்கள் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தோம். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். மன்னிப்பு வரவில்லை. "அப்ப என்ன செய்யலாம்?" என்பதுதான் வந்தது.

"விட்டுட்டுப் போங்கண்ணே" என்று நான் கிசுகிசுத்தேன்.

"அரைகுறையா விட்டுட்டுப் போனா அவன் சொன்னது உண்மையாயிடும், தங்கச்சி."

அவருடைய சொந்த மேசையில் இருந்தது அலுவலக ரகம். அதையே வெளியாட்கள் நுழையும்படி திறந்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவரை அது அப்படித்தான் வெளியே தள்ளும். வேலை சரியாக முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

"வந்துட்டாங்க" என்றார். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். மேனேஜர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவருக்குப் போன் செய்தேன்.

"என்ன, கனெக்ட் ஆகலையா?" குரலில் சின்ன ஆசை இருந்தது.

"நல்லா வேலை செய்யுதுண்ணே."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

"பசியாறிட்டீங்களான்னு கேக்கத்தான்."