வரக்கூடாத நாளில் வந்த தண்ணீர்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று புருஷன் ஓடிவந்து சொன்னபோது, தலைவி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த வாய்க்கால்ல?"

"நம்ம வாய்க்கால்லதான். சலசலன்னு வருது. நீயே வந்து பாரேன்!"

"இன்னிக்கா? போயும் போயும் இன்னிக்கா வரணும் அது?"

புருஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இத்தனை வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்று மூக்கைச் சிந்தியவள், வந்ததற்கும் மூக்கைச் சிந்துவாள் என்று அந்த மனுஷன் கனவிலா கண்டார்?

கடைமடைப் பாசனச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அதனால் ஊரில் எல்லோருக்குமே அவள் தலைவிதான். பாசனமே இல்லாத இடத்துக்குச் சங்கம் ஒரு கேடா என்று தலைமடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்களுக்கென்ன, அணையிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அவர்கள் வயலில்தான் நுழைகிறது. நுழைந்து, வயிறு முட்டக் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் கீழே வரும். மிச்சம் இருந்ததே இல்லை.

இன்றைக்கு வங்கியிலிருந்து ஆள் வருகிறது. ஏழை விவசாயிகளைக் கைதூக்கிவிட வாய்க்கால்களுக்குப் பணம் கொடுக்கும் பெரிய வங்கி. அந்தப் பணம் கிடைத்தால் கடைமடை வாய்க்காலுக்கு அடிமுதல் கரைவரை சிமெண்ட் பூசுவார்கள்; வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் மண் குடிக்காது. வயல் விளையும். வயல் விளைந்தால், நகரத்தில் தையல் ஆலையில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குத் திரும்புவாள். தலைவிக்குச் சிமெண்ட் என்றால் மகள். வேறெந்த அர்த்தமும் கிடையாது.

"காய்ஞ்ச மடையைக் காட்டினாத்தானே பணம் குடுப்பாங்க? தண்ணி ஓடற வாய்க்காலைக் காட்டினா, 'உங்களுக்கு என்ன குறைச்சல்'னு திரும்பிப் போயிடுவாங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இது கூடத் தெரியாம செருப்பைத் தொலைச்சுட்டு வந்து நிக்கறீங்க!"

புருஷன் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணி எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வரப்புல வந்த ஒருத்தன் சொன்னான்." அவர் இழுத்தார். "தலைமடைல எல்லா மடையும் அடைச்சுக் கிடக்காம். உங்க அக்காதான் வீடு வீடாப் போய் அடைக்கச் சொன்னாங்களாம்."

அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் தலைவி எழுந்து நின்றுவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்தியைத் தலைமடையிலும் ஒருத்தியைக் கடைமடையிலும் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு கோடையில், கடைமடைக்கென்று முறை போட்டு விட்ட தண்ணீரையும் அக்கா வீட்டார் வழியிலேயே திருப்பிக்கொண்டார்கள். அதை நம்பிக் குடத்துத் தண்ணீர் ஊற்றித் தங்கை வளர்த்த நாற்று கருகிப்போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. சந்தையில் எதிரெதிரே வந்தால்கூட ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், இன்னொருத்தி தரையைப் பார்ப்பாள்.

"ஏன் அடைச்சாங்கன்னு கேட்டேன். அதுக்குள்ள அவன் சைக்கிள்ல ஏறிட்டான்."

"இதை வேற கேக்கணுமா? ஊருல உள்ளவங்க வாயில மண்ணைப் போடுவாங்க. எங்க அக்கா தண்ணியை விடறா. இதான் வித்தியாசம்."

போன வாரம் பாசனத்துறைப் பொறியாளர் தலைமடையில் ஒரு கூட்டம் போட்டிருந்தார். கடைமடைக்கும் அழைப்பு வந்தது. அக்கா உட்காரும் பாயில் நான் உட்காருவேனா என்று தலைவி போகவில்லை. தலைவியே போகாத கூட்டத்துக்குக் கடைமடையில் வேறு யார் போவார்கள்?

இனி பேசிப் பிரயோசனமில்லை. மண்வெட்டியும் சாக்குகளும் எடுத்துக்கொண்டு இருவரும் வாய்க்காலுக்கு ஓடினார்கள். கடைமடை தொடங்கும் இடத்தில், புதர் மறைவில், மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி வாய்க்காலின் கழுத்தை நெரித்தார்கள். தண்ணீர் நின்றது. தலைவி மூச்சு விட்டாள்.

நின்ற தண்ணீர் சும்மா நிற்குமா? கரை ஏறிப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்தது. சோளக்காட்டுக்காரர், அவளுக்குக் கொழுந்தன் முறை, கதிர்களை அறுத்துத் தரையில் காயப்போட்டிருந்தார். அவர் அலறிக்கொண்டு வந்தார்.

"அண்ணி! தண்ணி வந்துருச்சு அண்ணி! என் சோளம் போச்சு!"

"தண்ணி தண்ணின்னு நேத்துவரைக்கும் நீதானே உயிரை விட்டே?"

"கேட்டேன். களத்துல கேட்கலையே! வயல்ல இல்ல கேட்டேன்!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மூவருமாகச் சேர்ந்து எதிர்க்கரையை வெட்டி, பழைய கல்லெடுத்த குழிக்குள் தண்ணீரைத் திருப்பினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, குழியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு ஊரே திரண்டுவிட்டது. பெண்கள் துணிமூட்டையோடு வந்தார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். எங்கிருந்தோ தண்ணீரோடு மிதந்து வந்த தலைமடை வாத்துகள், இது என்ன புது ஊர் என்பதுபோல் கழுத்தை நீட்டிப் பார்த்தன.

"யாரும் சிரிக்கக் கூடாது!" தலைவி கத்தினாள். "பணம் குடுக்கறவங்க வர்ற நேரம். எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கவலையா உக்காருங்க!"

"கவலைப்படறதுக்கு நாளைக்கும் டைம் இருக்கு, தலைவி. தண்ணி இன்னிக்குத்தான் இருக்கு," என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி.

அது தலைவிக்குச் சுருக்கென்று பட்டது. எல்லோரையும் விரட்டிவிட்டு அவள் மட்டும் குழியோரம் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். பிறகு இன்னொரு காலையும் வைத்தாள். குளிர்ச்சி முழங்கால் வரைக்கும் ஏறியது. கல்யாணமாகி இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்து, இந்தத் தண்ணீருக்காக அவள் போகாத அலுவலகம் இல்லை, கும்பிடாத ஆளில்லை. அது இன்றைக்கு வாசலில் வந்து நிற்கிறது, அவளோ அதைத் திருடனைப்போல் ஒளித்துவைக்கிறாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏய், தூரத்துல ஜீப் சத்தம் கேக்குது!" என்றார் புருஷன்.

அழுகை பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாய்க்காலின் அடிமண் இன்னும் ஈரமாக இருந்தது. ஊரிலுள்ள அடுப்புகளையெல்லாம் காலி செய்து சாம்பலும், தெருப்புழுதியும், காய்ந்த சருகும் கொண்டுவந்து ஈரத்தின்மேல் தூவினார்கள். புருஷன் தன்னால் ஆனதாக ஒரு உடைந்த பானையை நடுவில் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று அழகு பார்த்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர்: வங்கி அதிகாரியம்மா, கூடவே பொறியாளர். ஓட்டுநர் வண்டியை, குழியைப் புதர் மறைத்திருந்த மண்பாதையில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். அதிகாரியம்மா அலட்டல் இல்லாத மனுஷி. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தார். பொறியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க சார்," என்றார் அதிகாரியம்மா. "நாம எடுத்துக் குடுத்தா, அவங்க நமக்குப் பிடிச்சதைச் சொல்லுவாங்க. அவங்களே சொல்லட்டும். சொல்லுங்கம்மா, இந்த இடம் வரைக்கும் தண்ணி எப்பவாவது வந்திருக்கா?"

"ஒரு சொட்டுக் கூட வந்ததில்லைங்க."

"ஒரே ஒரு தடவையாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து வரலை."

பொறியாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே தலைவியைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பாவம், சாம்பல் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

"தலைமடைல எல்லாத்தையும் அடைச்சுட்டாக் கூட வராதா?"

தலைவி நிமிர்ந்தாள். "வராதுங்க. இன்னிக்குக் காலைல எல்லாத்தையும் அடைச்சிருக்காங்கன்னு கேள்வி. வந்துச்சா? நீங்களே பாருங்க, எப்படிக் காய்ஞ்சு கிடக்குன்னு."

அந்த நேரம் பார்த்து இரண்டு வாத்துகள் புதரிலிருந்து வெளியே வந்து, சொட்டச் சொட்ட நனைந்த உடம்பை உதறின.

"வாத்தெல்லாம் நனைஞ்சிருக்கே?" என்றார் அதிகாரியம்மா.

"அதுங்களுக்கு வேர்த்திருக்குங்க," என்றார் புருஷன். வெகுநேரமாக ஒன்றும் பேசவில்லையே என்று பேசினார்.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. அவர் மனது எங்கேயோ இருந்தது. குனிந்து வாய்க்காலின் நீளத்தை ஒருமுறை பார்த்தார். "எல்லாத்தையும் அடைச்சும் வரலைன்னா வாய்க்கால் மட்டமே சரியில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்களைப் பார்த்தா மனசு கேக்கலை."

அதிகாரியே வருத்தப்பட்டுவிட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்? தலைவிக்கு உள்ளுக்குள் மகளின் பெட்டி படுக்கை வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதிகாரியம்மாவும் பொறியாளரும் வரப்பு வழியாகக் குறுக்கே நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். போகும்போதும் பொறியாளர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். கொசுத் தொல்லை இங்கே அதிகம்தான்.

வண்டி பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆனால் வண்டி நகரவில்லை. குழி நிரம்பி வழிந்த தண்ணீர் இதற்குள் பாதையெங்கும் பரவி, பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் பாதி புதைந்திருந்தன. ஓட்டுநர் இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றார். இளவயதுக்காரர்.

"ஏதுங்கம்மா இவ்வளவு தண்ணி?"

"எருமை குளிப்பாட்டினோம், தம்பி."

ஓட்டுநர் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு எருமை இல்லை. "எத்தனை எருமைங்க?"

"நிறைய."

அவர் வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். புருஷனும் சோளக்காட்டுக்காரரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் சுழன்று சேற்றை வாரி இருவர் முகத்திலும் அப்பியது. தலைவி கல்லும் சருகும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டாள். வேலைக்கு நடுவே அவளுக்கு மனசு நிறைந்து வழிந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"தம்பி, நீங்க அந்தம்மா கூடவே சுத்தறவரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பணம் கிடைச்சுடும் இல்ல? என் மக ஒருத்தி நகரத்துல கிடந்து கால் வீங்கிக் கஷ்டப்படறா. அவளை வரச்சொல்லிடலாமான்னு பாக்கறேன். எங்க அக்காக்காரி தண்ணியைத் திறந்துவிட்டு எப்படியாவது கெடுக்கப் பார்த்தா. நான் விடலை."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். சாம்பல் பூசிய வாய்க்காலையும், புதரையும், ததும்பி நின்ற குழியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"காலைல தலைமடைல வண்டி நின்னப்போ ஒரு அம்மா எங்கிட்ட வந்து, 'தண்ணி எட்டற மடைக்குத்தான் பணம், எட்டாத மடையைத் திட்டத்துலேர்ந்தே நீக்கிடுவாங்கன்னு கூட்டத்துல சொன்னது என் தங்கச்சிக்குத் தெரியாது, எங்களுக்குள்ள பேச்சு இல்லை, அதான் எங்க பயிரைக் காயவிட்டுத் தண்ணியை அனுப்பியிருக்கேன்'னு சொல்லி அழுதாங்களே... அந்தத் தங்கச்சி நீங்கதானாம்மா?"